கிணற்றடிக்கு வராத ஆய்வு முடிவுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில், பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு கலந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் ஆவியாவதால் அடர்த்திதான் கூடும்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாவிடில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். இதை மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் அருந்தினால், வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. பெரியவர்களின் மூட்டுகள் இறுகுகின்றன.

இது புதிய செய்தியன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் 1937இலேயே பதிவானது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது. ஆயினும், குழாயில் தண்ணீர் வராத நாளில் மக்கள் நாடக்கூடியது பழைய ஆழ்துளைக் கிணற்றைத்தானே?

வங்கதேசத்தில் ஆர்செனிக் மிகுந்த குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும், பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாதவருக்கும் புரியும் அறிவிப்பு அது. நம்மிடமும் ஆய்வுகளுக்குக் குறைவில்லை; ஆனால், அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் அறிக்கைகளோடு நின்றுவிடுகின்றன.

ஒவ்வொரு பொதுக் கிணற்றிலும் இத்தகைய வண்ணக் குறியையும், ஃபுளோரைடு அளவையும், பரிசோதித்த தேதியையும் எழுதிவைப்பது ஊராட்சியின் கடமையாக வேண்டும் என்பேன். சிவப்புக் குறியிட்ட நீரைத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம். குடிக்கவும் சமைக்கவும் கூடாது. இந்த வேறுபாட்டை, குடத்தை வைக்கும் முன்பே அறிவது மக்களின் உரிமை.