ஆகாயத்தில் இடைவெளி

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி இரவு, திருவனந்தபுரத்திலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒன்று, இயந்திரக் கோளாறு பற்றிய சந்தேகத்தினாலும் வானிலையின் காரணமாகவும் சென்னைக்குத் திருப்பப்பட்டது. பார்லிமெண்டு அங்கத்தினர் சிலரும் அதில் இருந்தனர். நெடுநேரம் வட்டமிட்ட பின் மீனம்பாக்கத்தில் இறங்க முயன்ற அவ்விமானம், மறுபடி மேலெழும்பி, இரண்டாம் முறை க்ஷேமமாக இறங்கிற்று. ஓடுபாதையில் வேறொரு விமானம் இருந்ததாகச் சொல்லப்படுகிறதென்று பிரயாணிகளில் ஒருவரான ஸ்ரீ கே. சி. வேணுகோபால் கூறினார். அது காரணமன்று, கட்டுப்பாட்டு நிலையத்தின் உத்தரவுப்படியே மேலெழும்பியது என்று கம்பெனியார் மறுத்தனர்.

இவ்விரு கூற்றுக்களில் எது மெய்யென்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும், இச்சம்பவத்தை ஒரு நாள் பரபரப்பாகப் பேசிவிட்டு மறப்பது தகாது. இறங்கும் விமானங்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி எது, அதைக் காப்பவர் யார், அவர் தவறினால் விசாரிப்பவர் யார் என்பவற்றைப் பொது ஜனங்கள் அறிந்திருப்பது அவசியம்.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் மாலையில் நின்று பார்ப்போர்க்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். கடலினின்று வரும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ராஜா அண்ணாமலைபுரம், கோட்டூர்புரம், கிண்டி ஆகிய பகுதிகளைக் கடந்து மீனம்பாக்கத்தை அடைகின்றன. ரேடாரின் துணையோடு இறக்கும்போது இரண்டு விமானங்களுக்கிடையே சாதாரணமாக மூன்று கடல்மைல் தூரம் வேண்டும் என்பது சர்வதேச விதி. முன் செல்வது பெருவிமானமாகவும் பின் வருவது நடுத்தர விமானமாகவும் இருந்தால் ஐந்து கடல்மைல் வேண்டும். ஐந்து கடல்மைல் என்பது சற்றேறக்குறைய கடற்கரைக்கும் ஓடுபாதைக்கும் உள்ள தூரமே. அதாவது, பெருவிமானம் மீனம்பாக்கத்தில் தரையைத் தொடும்போது, அதன் பின் வருவது அப்பொழுதுதான் கரையைத் தாண்டவேண்டும்.

இவ்வளவு தூரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெருவிமானத்தின் இறக்கைகளின் நுனியிலிருந்து இரண்டு சுழற்காற்றுகள் கிளம்பி அதன் பின்னே நீண்டு செல்கின்றன. அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சிறு விமானத்தைப் புரட்டிவிடவும் வல்லவை. இது ஒரு காரணம். முன் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகுவதற்கு அவகாசம் வேண்டும் என்பது மற்றொன்று. மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்துக்கு மூன்று கடல்மைல் என்பது ஒன்றேகால் நிமிஷப் பிரயாணமே. முன்னது விலகச் சற்றே தாமதித்தாலும் பின்னது மேலெழும்பித்தான் ஆகவேண்டும்.

ஆகவே, இறங்காமல் மேலெழும்புவது விபத்தன்று. விபத்தைத் தடுக்கும் முறை. அதற்கென்று விமானிகள் பழக்கப்படுகிறார்கள். பிரயாணிகள் அஞ்சுவது இயல்பு. ஆனால் அவர்கள் அஞ்ச வேண்டியது, மேலெழும்ப வேண்டிய சமயத்தில் மேலெழும்பத் தயங்கும் விமானியையே. எரிபொருள் செலவையோ காலதாமதத்தையோ காட்டி இம்முறையைக் கையாளுவோரைக் கடிந்துகொள்ளும் கம்பெனி எதுவாயினும் அது தன் பிரயாணிகளுக்குத் துரோகம் செய்வதாகும்.

இடைவெளி தவறினால் நேர்வது என்னவென்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2024 ஜூன் 8-ந் தேதி பம்பாயில், ஒரே ஓடுபாதையில் ஒரு விமானம் மேலெழும்பிக்கொண்டிருக்கையிலேயே மற்றொன்று அதன் பின்னே வந்து இறங்கிற்று. தெய்வாதீனமாக உயிர்ச்சேதமில்லை. அதே வருஷம் ஜனவரி 2-ந் தேதி டோக்கியோவின் ஹானேடா நிலையத்தில் நேர்ந்ததோ வேறு. இறங்கிய ஜப்பானியப் பிரயாணி விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர். காவற்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர்.

மீனம்பாக்கத்தின் நெருக்கடியோ சாமானியமானதன்று. வருஷத்துக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்துபோகும் இந்நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. ஒன்றை உபயோகிக்கும்போது மற்றதைக் கருதாமல் இருக்க இயலாது. பரந்தூரில் புதிய நிலையம் அமைக்கும் யோசனை 2022-ல் வெளியாயிற்று; தங்கள் நிலங்களை இழக்க மறுக்கும் கிராமத்தாரின் வழக்கு தனியே ஆராயத்தக்கது. அது எவ்வாறு முடியினும், இன்று இறங்கும் விமானத்துக்கு நாளைய நிலையம் துணையாகாது. இன்றைய துணை, கோபுரத்திலும் ரேடார் அறையிலும் அமர்ந்திருக்கும் அதிகாரியின் கண்ணும் நிதானமுமே. அவ்வதிகாரிகள் போதிய தொகையில் இல்லையென்பதையும், வேலைப்பளுவால் களைப்புறுகின்றனர் என்பதையும் பார்லிமெண்டு நிலைக்கமிட்டி 2025 ஆகஸ்டில் எடுத்துக் காட்டியது. களைத்த கண்ணிடம் நூற்றுக்கணக்கான உயிர்களை ஒப்படைப்பது எவ்வகையில் சிக்கனமாகும்?

இறுதியாக, விசாரணை விஷயம். மீனம்பாக்கத்தை நடத்துவதும் கட்டுப்பாட்டு அதிகாரிகளை நியமிப்பதும் விமான நிலைய ஆணையமே. அதன் மேற்பார்வை சிவில் விமானப் போக்குவரத்து இலாகாவினுடையது. விதிகளை வகுத்து நிறைவேற்றும் டைரக்டர் ஜெனரலும், விபத்துக்களை ஆராயும் பீரோவும் அதே இலாகாவின் கீழ் இருக்கின்றன. தன் வழக்கில் தானே நியாயாதிபதியாக ஒருவரும் அமரலாகாது என்பது நீதிமன்றத்தின் முதற்பாடம். அமெரிக்கர்கள் தங்கள் விசாரணை மன்றத்தைப் போக்குவரத்து இலாகாவிலிருந்து 1975-லேயே முற்றிலும் பிரித்துவிட்டனர். சுதந்திர பாரதம் அதைச் செய்யத் தயங்குவானேன்?

விசாரணை மன்றம் இலாகாவுக்குக் கட்டுப்படாததாய், பார்லிமெண்டுக்குப் பொறுப்புள்ளதாய் அமையவேண்டும். காலியான ஸ்தானங்கள் தாமதமின்றி நிரப்பப்படவேண்டும். இடைவெளி தவறிய ஒவ்வொரு சம்பவத்தின் முடிவும், எவரையும் பழிக்கும் நோக்கமின்றி, பகிரங்கமாக வெளியிடப்படவேண்டும். ஆகஸ்டு 10-ந் தேதி அவ்விமானத்தில் கௌரவ அங்கத்தினர்கள் இருந்தமையால் கேள்வி பிறந்தது. சாதாரணப் பிரயாணிகள் மட்டுமே இருந்திருப்பினும் அக்கேள்வி பிறந்திருக்கவேண்டும். அதற்குப் பதிலும் கிடைத்திருக்கவேண்டும். ஜனநாயகத்தில் ஒவ்வோர் உயிருக்கும் விலை ஒன்றே.