வேலை போனால் கூரையும் போகுமா?

திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையம் என்றால் உப்பலமடுகு அருவியும் கல்கி ஆசிரமமுமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அப்பகுதி இளைஞர்களின் வாழ்வை இன்று தீர்மானிப்பது ஸ்ரீசிட்டி. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா மண்டலங்களின் நிலங்களில் விரிந்து கிடக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலம் அது. 2015இல் பாக்ஸ்கான் அங்கு கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியபோது பணியில் சேர்க்கப்பட்டோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். சுற்றுக் கிராமத்தவர் நிறுவனப் பேருந்தில் வந்து போகின்றனர். தொலைவிலிருந்து வந்தோருக்கு விடுதிக் கட்டிலும் வாடகை அறையுமே வீடு.

இவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வீடற்றோர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் நடைபாதையிலும் மேம்பாலத்தடியிலும் ரயில் நிலைய மேடையிலும் கோயில் மண்டபத்திலும் படுத்திருந்தோரைத்தான் எண்ணியது. அந்தக் கணக்கு சுமார் 17.7 லட்சம். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பெட்டியோடு வெளியேற்றப்படக்கூடிய இருபது வயதுப் பெண் அதில் இடம்பெற மாட்டார். அவரிடம் இருப்பது வீடல்ல, வேலையின் வாலில் கட்டப்பட்ட ஒரு கட்டில் மட்டுமே.

முதலாளியின் கூரை வெறும் சலுகையல்ல, அது ஒரு கடிவாளம். 1844இல் நார்தம்பர்லாந்து, டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனக் குடில்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தெருவில் தள்ளப்பட்டனர். எங்கெல்ஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் அமர்ந்தது ஊதியத்துக்காக அல்ல. விடுதி உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்ற பிறகே, அவர்கள் எப்படித் தங்க வைக்கப்பட்டிருந்தனர் என்பதை நாடு அறிந்தது.

பெற்றோரின் வீடு என்ற பின்வாசலும் இல்லாதவர்களின் நிலை இதனினும் கொடியது. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்தோருக்குப் பதினெட்டாம் பிறந்தநாள் வெளியேற்ற அறிவிப்பாகவே வருகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு அவர்களைப் பற்றிப் பேசுகிறது. எனினும் நிதியுதவி ‘வழங்கலாம்’ என்கிறதே தவிர, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லில்தான் அரசுகள் ஒளிந்துகொள்கின்றன. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து வாழும் குழுவீடு, தொழிற்பயிற்சி, உதவித்தொகை ஆகியவற்றை 21 வயது வரையும், விதிவிலக்காக 23 வரையும் வகுத்துள்ளன. தாளில் நல்ல திட்டம். ‘மிஷன் வாத்சல்யா’ ஒதுக்கும் தொகையோ தலைக்கு மாதம் 4,000 ரூபாய். ஒரு கட்டில் வாடகைக்கும் இரு வேளைச் சோற்றுக்கும் அது எத்தனை நாள் காணும்?

மூன்றாவதாக யானாதிகள். இவ்வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழும் இப்பழங்குடி மக்களின் பிள்ளைகள், முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுச் செங்கற்சூளைக்கோ வாத்து மேய்ப்பதற்கோ அனுப்பப்படுகின்றனர். சூளைக்காரனின் இடத்தில் சூளைக்காரன் காட்டிய குடிசை. கடன் தீரும்வரை அதை விட்டு வெளியேற முடியாது. எதிர்த்துக் கேட்டால் அதில் இருக்கவும் முடியாது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்த முடிச்சைச் சரியாகவே கண்டது. விடுவிக்கப்பட்டவரைக் குடியிருந்த மனையிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 8ஆவது பிரிவு. எத்தனை வருவாய் அலுவலர்கள் அதைப் படித்திருப்பார்கள்!

ஒன்றிய அரசிடம் இருக்கும் வீடற்றோர் உறைவிடத் திட்டமோ நகரங்களுக்கு மட்டுமே. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் உறைவிடம் என்பது அதன் அளவுகோல். 2011இல் எண்ணப்பட்ட வீடற்றோரில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் கிராமப்புறத்தில் இருந்தனர் என்பது அதற்குப் பொருட்டல்ல. வரதய்யபாளையம் ஆவணத்தில் கிராமம், ஆலைச் சங்கொலியில் நகரம். இரண்டுக்கும் இடையே விழுகிறவனுக்குத் திருப்பதி ரயில் நிலையம்தான்.

இப்போது தொழிலாளர் குடியிருப்பு பற்றி ஆட்சியாளர்களும் பேசத் தொடங்கியுள்ளனர். நிதி ஆயோக் 2024 டிசம்பரில் இதற்கென ஓர் அறிக்கையே வெளியிட்டது. உற்பத்தி வளர்ச்சிக்குத் தொழிலாளர் ஆலைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. தமிழ்நாட்டில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. நெரிசலான தனியார் விடுதிகளைவிட அது மேலானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையை இழந்தவருக்கு அங்கே இடமுண்டா? இக்கேள்விக்கான பதிலில்தான் குடியிருப்புக்கும் கொட்டடிக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தங்குமிடம் தருவதை ஒப்பந்தக்காரரின் கடமையாக்கிய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்தவர்கள், இன்று விடுதி பற்றிப் பேசுவது வேடிக்கை.

மாற்று இல்லாமல் இல்லை. பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2019இல் திறந்த ‘அப்னா கர்’ 620 புலம்பெயர் தொழிலாளருக்கான, அரசு உருவாக்கிய தங்குமிடம். எண்ணிக்கை சிறிது, வழி சரியானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில், கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்களுக்காக இளந்தொழிலாளர் இல்லங்கள் பரவின. இலாப நோக்கற்ற அமைப்புகள் நடத்தும் இவ்வில்லங்கள் அரசின் ஆதரவு பெற்றவை. ஆலை முதலாளி அங்கே வீட்டுக்காரனல்ல. பின்லாந்து 2008 முதல் ‘முதலில் வீடு’ என்ற கொள்கையால் வீடற்றோர் எண்ணிக்கையைத் தொடர்ந்து குறைத்து வந்தது. வலதுசாரி அரசு நல உதவிகளை வெட்டிய சூழலில் 2024இல் அது மீண்டும் ஏறியது. சாதித்ததும் கொள்கை, சரித்ததும் கொள்கை.

வீட்டுமனைக்கான போராட்டம் ஆந்திர மண்ணுக்குப் புதிதல்ல. 2007 ஜூலை 28இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டம் முதிகொண்டாவில் காவல்துறைத் துப்பாக்கிச் சூடு உயிர்களைப் பறித்தது அந்தக் கோரிக்கைக்காக நின்றவர்களிடம்தான். அன்றைய முழக்கம் குடும்பங்களுக்கான மனை. குடும்பமாக இன்னும் ஆகாத, தனித்து நிற்கும் இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் எந்த மனைப் பட்டியலிலும் பெயரில்லை என்பதையும் இயக்கம் இனிக் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்ரீசிட்டிக்கு வெளியே, நிறுவனத்தின் கையிலில்லாத, வேலை இழந்த பின்னும் ஆறு மாதமேனும் தங்கவிடும் அரசு விடுதியே முதல் கோரிக்கை. 46ஆவது பிரிவின் ‘வழங்கலாம்’ திருத்தப்படவும் யானாதிக் குடியிருப்புகளுக்குப் பட்டா வழங்கப்படவும் குரல் எழ வேண்டும்.

தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் அவ்வெல்லையில் கிளைத் தோழர்கள் உடனே தொடங்கக்கூடிய வேலையும் உண்டு. கடந்த ஐந்தாண்டுகளில் மாவட்டத்தின் குழந்தைகள் இல்லங்களிலிருந்து பதினெட்டு வயதில் வெளியேறியோர் எத்தனை பேர், அவர்களில் பின்தொடர் உதவி பெற்றோர் எத்தனை பேர், குழுவீடு ஒன்றேனும் இயங்குகிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பதிலளிக்க அதற்கு முப்பது நாட்கள் உண்டு.