நோயாளிக்கே தெரியாத நோய்!

பணப்பையைக் காணோம். "மருமகள்தான் எடுத்துவிட்டாள்!" என்கிறார், மாமியார்.

வீடு முழுவதும் தேடுகிறார்கள். பை, அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. வைத்தவர் மாமியாரேதான். ஆனால், வைத்தது அவருக்கு நினைவு இல்லை. "பயந்துபோய் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டாள்" என்று மறுபடியும் மருமகள் மீதே பாய்கிறார்.

மறதி நோய் புகுந்த வீடுகளில் இது அன்றாடக் காட்சி. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு இந்த நோய் இருப்பதாக, 2023-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கு கூறுகிறது. அதாவது, ஏறத்தாழ 88 லட்சம் பேர்!

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. காய்ச்சல் வந்தவருக்குக் காய்ச்சல் தெரியும். கால் உடைந்தவருக்கு வலி தெரியும். மறதி நோய் வந்தவர்களில் பலருக்கோ, தமக்கு நோய் வந்திருப்பதே தெரியாது!

வீட்டில் உள்ளவர்கள் இதை "வீம்பு" என்று நினைக்கிறார்கள். வீம்பு அல்ல.

பாரீஸ் டாக்டர்

1914-ம் ஆண்டில், பாரீஸ் நகரில், பாபின்ஸ்கி என்ற டாக்டர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். அவர் பார்த்த ஒரு பெண்ணுக்குப் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையைத் தூக்கச் சொன்னால், தூக்குவாள். இடது கையைத் தூக்கச் சொன்னால், வேறு யாருக்கோ சொன்னதுபோல் சும்மா இருப்பாள். கை விழுந்துவிட்டதே என்று அவள் குறை சொன்னதே இல்லை!

அவர் வைத்த பெயர், "அனோசக்னோசியா". கிரேக்கச் சொற்களால் ஆனது. "நோயை அறியாமை" என்று பொருள்.

மறதி நோயில் நடப்பதும் இதுபோன்றதுதான். ஒரு வேலையில் நாம் தவறினால், மூளை அதைக் குறித்துக்கொள்கிறது. "முன்போல முடியவில்லை" என்பது அப்படித்தான் நமக்குத் தெரிகிறது. குறித்துக்கொள்ளும் இடமே பழுதுபட்டால்? நேற்று அடுப்பை அணைக்க மறந்தது இன்று நினைவில் இல்லை. ஆகவே, மறந்ததாகவே அவருக்குத் தோன்றாது. அவர் மனதில் இருப்பவர், 10 ஆண்டுக்கு முந்திய மனிதர். அந்த மனிதர் பாங்கிக்குத் தனியாகப் போவார். ஸ்கூட்டர் ஓட்டுவார்!

எல்லோரும் இப்படி அல்ல. சிலருக்கு நோய் தெரிகிறது. தெரிந்து அழுகிறார்கள். சிலருக்குக் காலையில் தெரிவது மாலையில் தெரிவது இல்லை.

வாதாட வேண்டாம்

"உங்களுக்கு மறதி நோய்" என்று நிரூபிக்கப் பார்ப்பது வீண் வேலை. வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும், சற்று நேரத்தில் அவர் வாதத்தை மறந்துவிடுவார். கோபம் மட்டும் மிஞ்சும்.

பையைக் காணோமா? "வாங்க அத்தை, ரெண்டு பேருமாத் தேடுவோம்" என்று சொல்லுங்கள். அதேபோல இன்னொரு பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் வர மறுக்கிறாரா? "எனக்குச் சர்க்கரை பார்க்கணும், துணைக்கு வாங்க மாமா" என்று அழைத்துப் போகலாம். இது பொய் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். நன்மை தரும் பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார்!

டாக்டர் கேட்டால், "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பார். அதனால், வீட்டில் நடப்பதை ஒரு தாளில் எழுதி, டாக்டரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தைராய்டு கோளாறு, பி-12 சத்துக் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே, "வயசானா மறதி வரும்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

யாருக்குத் திருடிப் பட்டம்?

பார்த்துக்கொள்பவர் படும் பாடுதான் பெரும் பாடு. பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். மாத்திரை கொடுத்தால், "எனக்கு எதற்கு?" என்பார். குளித்து 3 நாள் ஆகியிருக்கும். "இப்போதுதான் குளித்தேன்" என்பார். நள்ளிரவில், "என் வீட்டுக்குப் போகிறேன்" என்று கதவைத் திறப்பார். தூக்கம் போகிறது. நன்றி கிடையாது. கிடைப்பது, "திருடி" என்ற பட்டம்!

இந்த நேரத்தில் வெளியூரில் இருந்து நாத்தனார் வருகிறார். அப்பா உஷார் ஆகிவிடுகிறார். 50 ஆண்டுக்கு முந்திய கதைகளை அழகாகச் சொல்கிறார். பழைய நினைவுகள் சீக்கிரம் போவது இல்லை. "அண்ணி, அப்பா நல்லாத்தானே இருக்காங்க? நீங்கதான் பெரிசு பண்றீங்க" என்று சொல்லிவிட்டு, இரவு ரெயிலுக்குப் புறப்பட்டுவிடுகிறார், நாத்தனார்.

அண்ணியை நோய் கொல்வதைவிட இந்தப் பேச்சு அதிகமாகக் கொல்கிறது. 3 நாள், இரவும் பகலும் கூட இருந்து பார்க்காத எவருக்கும் அந்த வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உரிமை கிடையாது என்பது என் கருத்து.

நாத்தனார் மாதம் 4 நாள் வந்து தங்கட்டும். அண்ணி அந்த 4 நாளும் தாய் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வரட்டும். வர முடியாதவர்கள், பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவின் சம்பளத்தையாவது மாதா மாதம் அனுப்பி வைக்கட்டும்.