ஒரகடத்தில் ஆப்பிள் காய்க்குமா? செடி ஆர்டர் போடும் முன் ஒரு நிமிஷம்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் கார், மொபைல் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பலருக்கும் ஒரே கனவுதான்: அங்கேயே ஒரு மனை, சின்னதாக ஒரு வீடு. கட்டி முடித்தபின் பின்பக்கம் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு மரத்துக்கான இடம். அந்த நேரம் பார்த்து மொபைலில் வந்து நிற்கும் அந்த வீடியோ: 'வெயிலிலும் காய்க்கும் ஆப்பிள்'!

நம்பலாமா? பாதி நம்பலாம்.

வெயில் ஆப்பிள் உண்மையா?

உண்மைதான். இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய ரகம் ஹெச்.ஆர்.எம்.என்-99. சுமார் 1,800 அடி உயரத்திலேயே காய்த்துக் காட்டியது. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இஸ்ரேலின் 'அன்னா', பஹாமாஸின் 'டார்செட் கோல்டன்' ஆகியவையும் குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்களே.

அப்புறம் என்ன சிக்கல்?

ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துத் தூங்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழான குளிரில் போதுமான நேரம் கழிந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். வழக்கமான மலை ரகங்களுக்கு 800 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அன்னாவுக்கு 200 - 300 மணி நேரம் போதும்.

பிலாஸ்பூரில் கோடையில் வெயில் கொளுத்தினாலும், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். சென்னையை ஒட்டிய ஒரகடத்திலோ ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான். மரம் வெயிலைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. குளிரே இல்லாமல் பூக்குமா என்பது வேறு கேள்வி. விளம்பரங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நழுவிவிடுகின்றன.

வழியே இல்லையா?

இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தோனேசியாவின் பத்து பகுதியில், மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவிவிட்டுப் பூக்க வைக்கிறார்கள். ஆனால் அதுவும் மலைப்பாங்கான ஊர். அங்கே பலித்தது இங்கேயும் அப்படியே பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆசை விடவில்லையா? விதையில் முளைத்த கன்று வேண்டாம். அது தாய் மரம் மாதிரியே காய்க்காது. ரகத்தின் பெயர் தெரிந்த ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். அன்னா வைத்தால் மகரந்தத்துக்குத் துணையாக டார்செட் கோல்டனும் வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியணும். வடகிழக்குப் பருவமழையில் வேரில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மழை ஓய்ந்ததும் இலைகளை உருவிப் பார்க்கலாம். காய்த்தாலும் கடைப் பழத்தின் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். அந்த நிறம் ஏறவும் குளிர்ந்த இரவு வேண்டும்.

அப்போ அந்த ஒரே இடத்தில் என்ன வைப்பது?

கொய்யா. லக்னோ-49 பதியன் கன்று வைத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் பிள்ளைகள் பறித்துத் தின்னலாம். ஆப்பிளை ஓட்டை போட்ட பெரிய டிரம்மில் வையுங்கள். தண்ணீர் தேங்காது, டிரான்ஸ்ஃபர் வந்தால் கூடவே கொண்டு போகலாம். காய்த்தால் லாபம், காய்க்காவிட்டால் போனது ஒரு டிரம் மண்.

இது வாங்குபவர் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயமும் அல்ல. பிஸ்கட் பாக்கெட்டிலேயே காலாவதித் தேதி இருக்கும்போது, பல வருஷம் காத்திருக்க வைக்கும் கன்றின் லேபிளில் 'எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும்' என்று ஒரு வரி போடுவதில் நர்சரிகளுக்கு என்ன கஷ்டம்? அந்த வரி வரும்வரை, பணம் கட்டும் முன் நீங்களே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.