சாட்சியும் குற்றவாளியும்

ஆஸ்பத்திரிகளில் திரியும் கரப்பான் பூச்சியும் ஈயும் ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு வைரஸ்களைக் கொண்டு செல்லக்கூடுமா என்ற கேள்வி, புதிய தொற்று வியாதி தலைகாட்டும்போதெல்லாம் கிளம்புகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால், பூச்சியின் மீது பழியைச் சுமத்திவிட்டுப் பொறுப்புள்ளவர்கள் தப்பித்துக்கொள்ள இடங்கொடுத்தல் கூடாதென்பது நமது அபிப்பிராயம்.

விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் புகுந்து பெருகி, சுமார் 8 முதல் 12 நாட்களுக்குப் பின் அதன் கடியினால் மனிதரை அடைகிறது. ஆகையால் டெங்கு நோயாளியின் கட்டிலுக்குக் கொசுவலை இன்றியமையாதது. ஈயும் கரப்பானும் அவ்வாறல்ல. மலத்தை மிதித்த காலோடு அவை உணவின் மேல் வந்து உட்காருகின்றன. மனிதரைப் பீடிக்கும் வைரஸ் அவற்றின் காலிலும் குடலிலும் சிறிது காலம் தங்கலாமேயன்றி, பொதுவாக அங்கே பெருகுவதில்லை. 1941-ல் ஆல்பர்ட் ஸேபின், ராபர்ட் வார்டு என்னும் இருவர், அமெரிக்க நகரங்களில் இளம்பிள்ளை வாதம் பரவியிருந்த இடங்களில் பிடித்த ஈக்களிடம் அந்நோயின் வைரஸைக் கண்டனர். எனினும், ஈயிடம் வைரஸ் இருந்ததென்பது வேறு. ஈயினாலேயே ஜனங்களுக்கு நோய் வந்ததென்பது வேறு. முன்னதை ருசுப்படுத்தும் சாட்சியம் பின்னதற்குப் போதாது.

இதற்கு ஹாங்காங் நகரின் அனுபவமே தக்க திருஷ்டாந்தம். 2003-ல் ஸார்ஸ் வியாதி அங்குள்ள அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏப்ரல் நடுவிற்குள் 321 பேரைப் பீடித்தது. கரப்பான்களின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் சுகாதார இலாகாவின் விசாரணையில் வெளிப்பட்டதென்ன? குளியலறைத் தரையிலுள்ள வடிகுழாயின் வளைவில் நீர் நிற்க வேண்டும்; சாக்கடைக் காற்று மேலேறாமல் தடுப்பது அந்நீரே. பல வீடுகளில் அது வறண்டு கிடந்தது. விசிறி சுழன்றபோது அசுத்தத் துளிகள் குழாய் வழியே உள்ளே இழுக்கப்பட்டன. பூச்சிகள் வைரஸைச் சுமந்திருக்கலாம். அதற்கு மேல் அவற்றுக்குப் பங்கில்லை என்றே கருதப்பட்டது.

அக்குடியிருப்புக்கு நோயைக் கொண்டுவந்தவராகக் கருதப்படுபவர், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுவந்தவர். அவ்வாஸ்பத்திரியில் அம்மார்ச் மாதத்தில் வைத்தியர், தாதியர், மாணாக்கர், நோயாளிகள் உள்ளிட்ட 100 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டனர். அங்கே சந்தேகத்திற்குள்ளானது பூச்சியன்று. ஒரு நோயாளிக்கு மருந்தை ஆவியாக்கிச் செலுத்திய கருவியே.

அங்ஙனமாயின் ஆஸ்பத்திரியில் கரப்பான் இருந்தால் என்ன என்று கேட்பாருண்டோ? நாம் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கரப்பான்களின் உடலில் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக் கிருமிகளும் காணப்பட்டிருக்கின்றன. அன்றியும், கரப்பான் வாழ ஈரமும் எச்சிலும் இருட்டுச் சந்தும் வேண்டும். ஆகவே அது ஒழுகும் குழாய்க்கும் அள்ளாத குப்பைக்கும் கண்கண்ட சாட்சி. மருந்தைத் தெளித்துச் சாட்சியைக் கொன்றுவிட்டு, வழக்கு முடிந்ததென்று கட்டை மூடுவது எந்த நியாயஸ்தலத்திலும் செல்லாது. குழாய் ஒழுகும்வரை கரப்பான் திரும்பி வந்துகொண்டேயிருக்கும்.

பொது ஆஸ்பத்திரிகளின் சுத்தத்தை மதிப்பிட்டுப் பரிசளிக்க இந்திய சர்க்கார் 2015-ல் தொடங்கிய காயகல்ப் திட்டத்தில் பூச்சி ஒழிப்பும் ஓர் அம்சமாகும். நல்லதே. ஆயினும் பரிசளிக்க வருவோர் காண்பது ஒரு நாளைய நிலைமை. நோயாளி காண்பது அன்றாட நிலைமை. நோயாளியோடு வந்தவர்கள் சோற்றைச் சிந்துகிறார்களென்று அதிகாரிகள் குறைகூறுவது வழக்கம். அவர்கள் உட்கார்ந்து உண்ண ஓரிடம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறதா? குப்பை நாளொன்றுக்கு எத்தனை முறை அகற்றப்படுகிறது? துப்புரவுத் தொழிலாளர் போதுமானவர்கள் உண்டா? அவர்களுக்குக் கையுறையும் உரிய காலத்தில் கூலியும் கிடைக்கின்றனவா?

இக்கேள்விகளைப் பொதுஜன ஊழியர்கள் தத்தம் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டு, எழுத்து மூலமாகப் பதில் பெற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பிணி தீர வந்த ஏழை புதுப்பிணியோடு வீடு திரும்புவானாயின், அதற்கு ஜவாப்தாரி கரப்பான் பூச்சியன்று.