பீரோ சாவி யாரிடம்?



போன மாதம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். பேச்சு, பரிசளிப்பு, பிள்ளைகளின் நடனம் எல்லாம் முடிந்து கேசரியும் காபியும் கைக்கு வந்த நேரத்தில், வாய் சும்மா இருக்காமல், "உங்க லைப்ரரியைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

ஆசிரியைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பறையின் மூலையில், கால் உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் நின்ற சாம்பல் நிற இரும்பு பீரோதான் லைப்ரரி. சாவி பொறுப்பு ஆசிரியையிடம். அவரோ பந்தலில் வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பி அழைத்து வந்து, பெஞ்சுகளை நகர்த்தி, பீரோவைத் திறந்தால்... உள்ளே அத்தனையும் புத்தம் புதுசு! ஒரு கட்டின் சணல் கயிறுகூட அவிழவில்லை. பாச்சை உருண்டை வாசனை மட்டும் குப்பென்று வந்தது.

"பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறதில்லையா டீச்சர்?"

அவர் மழுப்பவில்லை. "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கு மேடம். ஒரு புக் குறைஞ்சாலும் ஆடிட்ல நான்தான் நிக்கணும். முன்னாடி வேலை பார்த்த ஸ்கூல்ல எழுநூறு ரூபா கைக்காசு கட்டியிருக்கேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் வீட்டு ஷோகேஸில் விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பீங்கான் கோப்பைகள் எத்தனை வருஷமாக அப்படியே இருக்கின்றன? உடைந்துவிடுமோ என்று நாமும்தான் எவர்சில்வர் டம்ளரிலேயே காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கோப்பையில் குடிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. பதினோரு வயதில் கைக்கு வராத கதைப் புத்தகம் முப்பது வயதில் வந்து என்ன பயன்?

பள்ளி நூலகம் என்றதும் "ஃபண்ட் இல்லை" என்ற பதில்தான் முதலில் வரும். பணம் போதாது என்பது உண்மை. ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கவனியுங்கள், 'கதைப் புத்தகங்கள்' என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளியின் வகையைப் பொறுத்து, ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. நம் மாநிலத்தின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்ன புத்தகங்களாகப் போட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நல்ல முயற்சி. அதுவும் எத்தனை இடங்களில் பீரோவுக்குள் போயிற்றோ!

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அங்கே ஏ.சி. ஹால் இருக்கும், கண்ணாடி அலமாரியில் தடித் தடி என்சைக்ளோபீடியா இருக்கும். லைப்ரரி பீரியடைக் கணக்கு மிஸ் கடன் வாங்காத பள்ளி எது என்று மட்டும் உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-ல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். புத்தகம் இருப்பது எடுத்துப் படிப்பதற்குத்தான் என்பதே முதல் விதியின் சாரம். இதைச் சொல்ல ஒரு விதியா என்று தோன்றும். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு மேஜையோடு கட்டி வைத்திருந்தார்கள். அந்த மனசு மாற வேண்டும் என்றுதான் அதை முதலில் வைத்தார். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பீரோ திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே பிள்ளைகளுக்குப் பிடித்த புத்தகம் இருக்கிறதா?

இங்கே எங்கள் மேலும் ஒரு குற்றப்பத்திரிகை உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு, கிராமப் பள்ளிகளுக்குப் பழைய புத்தகம் கொடுங்கள் என்று இதே பக்கத்தில் எழுதினேன். நீங்கள் அள்ளிக் கொடுத்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மூட்டையைப் பிரித்தபோது எங்கள் ஆபீஸ் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். சிலபஸ் மாறிப்போன கைடுகள், காலாவதியான இயர்புக்குகள், டேலி கற்றுத்தரும் புத்தகம், நீரிழிவுக்காரர்களுக்கான சமையல் குறிப்பு, அட்டை இல்லாத தொடர்கதை பைண்டிங். நாலாம் வகுப்புப் பிள்ளை சர்க்கரை நோய்ச் சமையலைப் படித்து என்ன செய்யும்? அதையும் கட்டி அனுப்பிவைத்தோம் என்பதுதான் என் குற்றம். வாங்கிக்கொண்ட பள்ளிக்காரர்கள் மரியாதைக்கு நன்றிக் கடிதம்கூடப் போட்டார்கள். நமக்கு வேண்டாததை ஒழித்துவிட்டுத் தானம் என்று பேர் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக ஒரு பள்ளியைப் பார்த்தேன். மலையடிவாரத்தில், பஸ் இரண்டே வேளை வரும் ஊர். அங்கிருக்கும் ஆசிரியை புத்தகம் வாங்கும் முன்பு ஒரு காரியம் செய்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சணலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். 'உனக்கு என்ன புக் வேணும்?' என்று முதல் பக்கத்தில் எழுதினார். பேர் போட வேண்டியதில்லை.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'பேய் கதை' என்று ஏழெட்டுக் கையெழுத்தில் இருந்தது. தோனி, டைனோசர், பைக் எப்படி ஓடுது, சிரிப்பு புக், பாம்பு (படம் இருக்கணும்). ஒரு பிள்ளை 'எழுத்து பெருசா, புக் சின்னதா' என்று எழுதியிருந்தது. குழந்தை இலக்கியக் கருத்தரங்குகள் பலவற்றில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அந்த ஒரு வரியைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்று வாங்கும் காசில் பதினாறு, இருபத்து நான்கு பக்கப் புத்தகங்களாகப் பல வாங்கினார். வாசிப்பில் தடுமாறும் ஆறாம் வகுப்புப் பையன் ஒல்லிப் புத்தகம் ஒன்றை முழுசாக முடித்துவிட்டால் அவன் நடையே மாறிவிடும். பிடித்த புத்தகத்தில் ஒரே பிரதி வாங்கவில்லை, நான்கைந்து வாங்கினார். எதற்கு? மூன்று பேர் ஒரே வாரத்தில் படித்தால்தானே சண்டை போட முடியும், "அந்த நரி ஏன் அப்படிப் பண்ணுச்சு" என்று! நாம் சீரியல் பார்த்துவிட்டு மறுநாள் பேசுவதில்லையா?

பீரோவிலும் அடுக்கவில்லை. வகுப்பறைக்குக் குறுக்கே நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, அட்டைப் படம் தெரிய மாட்டிவிட்டார். முதுகைக் காட்டி நிற்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் தேடி எடுப்பதில்லை. புடவைக் கடையிலும் மடிப்பு பிரித்துக் காட்டினால்தானே நமக்கே கை போகிறது.

எதை வாங்குவது என்று தெரியாத ஆசிரியர்களுக்கு ஒரு தொடக்கம் உண்டு. சாகித்திய அகாதமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்குப் பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கிறது. தமிழுக்கு முதலில் பெற்றது ம. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. பிறகு இரா. நடராசன், யெஸ். பாலபாரதி, மு. முருகேஷ், உதயசங்கர், யூமா வாசுகி என்று பட்டியல் நீள்கிறது. பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பெண் பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியது என்பேன், ஆண் பிள்ளைகள் வீட்டிலும்தான். 'டோட்டோ-சான்' நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலேயே கிடைக்கிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய டோக்கியோ பள்ளியின் கதை அது. அதில் ஒரு பெட்டியே நூலகம்! ஆனால் விருது வாங்கிய புத்தகம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. கடைசிப் பக்கத்தில் 'நீதி' என்று தடித்த எழுத்தில் போட்ட புத்தகத்தைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்து ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அவர்கள் மீது பொறாமைதான்.

காமிக்ஸ் என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். "படத்தைப் பார்த்துட்டு மூடி வெச்சிடுவான்." நாம் மட்டும் என்ன செய்தோம்? 1947-ல் வர ஆரம்பித்த அம்புலிமாமாவில் முதலில் வேதாளம் தொங்கும் படத்தைத்தானே தேடினோம்? 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது, அதைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள்தான் இன்று ஓய்வுபெற்ற அதிகாரிகளாக இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த மலையடிவார ஆசிரியையிடம் நான் கேட்டே விட்டேன். "கிழிஞ்சா? தொலைஞ்சா?"

"கிழியும். தொலையும்" என்றார். ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். கடைசிப் பத்தியில் பச்சை மையில் 'மழையில் நனைந்தது', 'தம்பி கிழித்தான்', 'பாட்டி ஊரில் விட்டுவிட்டான்' என்றெல்லாம் எழுதியிருந்தது. வருஷம் ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்து, பெற்றோர் முன்னிலையிலேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார். அம்மாக்களுக்கும் தெரிந்துவிட்டதால், இப்போது ஊரிலிருந்து திரும்ப மூட்டை கட்டும்போது புத்தகத்தையும் தேடி எடுத்து அனுப்புகிறார்களாம்.

புத்தகம் தொலைவதை இப்படி ஏற்றுக்கொள்வது ஏதோ தாராள மனசுக்காரர்களின் வழக்கம் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல், 215-வது விதியைப் பாருங்கள். ஆண்டில் ஆயிரம் புத்தகங்கள் எடுத்துப் படிக்கப்பட்டால், ஐந்து காணாமல் போவது இயல்புதான் என்று அதிலேயே இருக்கிறது. திருட்டோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் போனால் விசாரிக்க வேண்டும், அவ்வளவே. அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. தில்லியில் பெரியவர்கள் எடுத்துப் படிக்கும் இடத்திலேயே அப்படி என்றால், எட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கும் ஐம்பது ரூபாய்ப் புத்தகத்துக்கு ஒரு டீச்சர் ஏன் கைக்காசு கட்ட வேண்டும்? நம் கல்வித் துறை இதைத் தெளிவாக ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிட்டால், பாதி பீரோக்கள் தானாகத் திறந்துகொள்ளும் என்று நம்புகிறேன்.

அதுவரை நம்மால் ஆனது? உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் எல்லோரும் கட்டிக்கொண்டிருப்பது. அந்தக் காசில்தான் உங்கள் தெருமுனைக் கிளை நூலகம் நடக்கிறது. பள்ளியில் புத்தகம் கிடைக்கும்வரை, சனிக்கிழமை காலை பிள்ளையை அங்கே கூட்டிப்போய் உறுப்பினராக்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பிறந்த நாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுக்கும் காசில் ஒல்லியாகப் புதுப் புத்தகம் ஒன்றும் வாங்கிக் கொடுக்கலாம். கைடு வேண்டாம், ப்ளீஸ்.

மலையடிவாரப் பள்ளியிலிருந்து கிளம்பும்போது கயிற்றில் ஒரு இரும்புக்கை மாயாவி தொங்கியது. நாலா பக்கமும் செல்லோடேப், அட்டை இரண்டாவது முறை ஒட்டப்பட்டது. பச்சை மையில் 'கடைசிப் பக்கம் இல்லை' என்று குறிப்பு வேறு. "அப்ப கதை எப்படித்தான் முடியுது?" என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டேன். மாயாவி ஷாக் அடித்து மறைந்து தப்பிவிட்டான் என்றான் ஒருவன். இல்லை, வில்லன்தான் ஓடிவிட்டான், அடுத்த புக்கில் வருவான் என்றாள் இரட்டைச் சடைக்காரி. மூன்றாமவன் சொன்ன முடிவில் ஒரு ஹெலிகாப்டர் வேறு வந்தது.

"எது நிஜம்?" என்றேன்.

"அடுத்த தடவை வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க மேடம், பாத்துடலாம்" என்றாள் அவள்.

தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் கடைசிப் பக்கத்தோடு ஒன்று இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்