ஓட்டு விழும் முன்பே முடிந்த தேர்தல்

கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் கட்சியின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "எந்தத் தெருவில் ஓட்டு அதிகம்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கும் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 2019-ம் ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில், வார்டுக்கு வெள்ளைச் சீட்டு கொடுத்தார்கள். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. அந்த இரண்டு சீட்டிலும் உதயசூரியன் இல்லை. இரட்டை இலை இல்லை. கட்சிச் சண்டை கிராமத்துக்குள் நுழையக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், கட்சி இல்லாத இடத்தில் சாதி வந்து உட்கார்ந்து கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. சட்டசபைத் தொகுதியில் லட்சக்கணக்கில் ஓட்டு. அங்கே ஒருவர் யாருக்குப் போட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராமத்து வார்டில் சில நூறு ஓட்டுதான். திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிவிடலாம். கூலி வேலை கொடுப்பவர், கடன் கொடுத்தவர், மளிகைக் கடைக்காரர், எல்லாரும் அதே ஊர்க்காரர்கள். ரகசிய ஓட்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஓட்டுப் போட்டவரின் வயிறு பயப்படுகிறது.

பத்து வருஷம் காலியான நாற்காலி

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊர்களின் கதையைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமுலுக்கு வந்தது. அதன்படி, மக்கள் தொகைக்கு ஏற்ப, சில பஞ்சாயத்துகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 1996-ல் தேர்தல் வந்தது. இந்த நான்கு ஊர்களும் அப்படி ஒதுக்கப்பட்டன. ஊரில் செல்வாக்கு உள்ள பெரும்பான்மைச் சாதியார், "எங்கள் ஊருக்கு அவர்கள் தலைவரா?" என்று கேட்டார்கள்.

அப்புறம் நடந்தது வேடிக்கை அல்ல, வேதனை. தேர்தல் தேதி வரும். மனுப் போட ஆள் வராது. போட்டால் வேலை கிடைக்காது, ஊரில் இருக்க முடியாது என்ற பயம். சில தடவை ஊர்ப் பெரியவர்களே ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் ஜெயிப்பார். ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். நாற்காலி மறுபடியும் காலி! கணக்குப் பார்த்தால், தேர்தல் நடந்தது; ஓட்டு விழுந்தது; முடிவு வந்தது. முடிவு மட்டும் ஓட்டுப் பெட்டியிலிருந்து வரவில்லை.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. தண்ணீர்க் குழாயும் தெரு விளக்கும் இரண்டு பக்கத்தாருக்கும் வேண்டியவைதான். அவற்றைக் கேட்டு வாங்க ஊருக்கு ஒரு தலைவர் இல்லை. நஷ்டம் ஆதிதிராவிடர் தெருவுக்கு மட்டும் என்று நினைப்பது தவறு.

மேலவளவு

துணிந்து நின்றவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு மேலவளவு சாட்சி. அதுவும் மதுரை மாவட்டம். அதுவும் 1996-ல் ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்து. முதலில் போட்ட மனுக்களை மிரட்டலுக்குப் பயந்து திரும்பப் பெற்றார்கள். பிறகு ஓட்டுப் பதிவில் கலவரம். கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ந் தேதி, மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்சில் திரும்பிக் கொண்டிருந்தார். பஸ்சை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஓட்டு வாங்கி ஆறே மாதம்.

மேலூர் வட்டாரத்தில், இதே மேலவளவுக்கு அக்கம்பக்கத்து ஊர்தான் தும்பைப்பட்டி. தமிழ்நாட்டின் போலீஸ் மந்திரியாகவே இருந்த கக்கன் பிறந்த ஊர் அது. 1939-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களில் கக்கனும் ஒருவர். கோவில் கதவு 1939-லேயே திறந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் கதவு 1997-லும் திறக்கவில்லை!

எப்படித் திறந்தது?

2006 அக்டோபரில் பாப்பாபட்டி உள்ளிட்ட நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் ஜெயித்தார்கள், ராஜினாமா செய்யவில்லை. அடுத்த மாதமே சென்னையில் "சமத்துவப் பெருவிழா" என்று விழா எடுத்து, முதல் மந்திரி கருணாநிதி அவர்களைப் பாராட்டினார்.

அதே ஊர், அதே சட்டம். பத்து வருஷம் முடியாதது அப்போது மட்டும் எப்படி முடிந்தது? அன்றைய மதுரை கலெக்டர் உதயச்சந்திரனும் அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களிடம் திரும்பத் திரும்பப் பேசினார்கள். தேர்தலை நடத்தியே தீருவது என்பதில் சர்க்கார் உறுதியாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கும் சலித்திருந்தது. பத்து வருஷமாக நாடு முழுவதும் தங்கள் ஊரின் பெயர் இந்த ஒரு காரணத்துக்காக அடிபடுவதை யார் விரும்புவார்கள்? மனம் மாறியதா, வழியில்லாமல் விட்டுக் கொடுத்தார்களா என்று சிலர் கேட்கிறார்கள். எதுவாக இருந்தாலும் சரி, நாற்காலியில் ஆள் உட்கார்ந்தார். அது பெரிய காரியம். சர்க்கார் மனம் வைத்தால் நடக்கும் என்றால், 1996-லேயே ஏன் மனம் வைக்கவில்லை என்பதுதான் நம்முடைய கேள்வி.

துணைத் தலைவர் என்ற பூட்டு

இப்போது தலைவர் தேர்தலை நேராகத் தடுப்பது கடினம். ஆகவே சண்டை வேறு இடத்துக்குப் போயிருக்கிறது.

துணைத் தலைவரைப் பொதுமக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான வார்டுகள் யார் கையிலோ, துணைத் தலைவர் அவர்கள் ஆள். பஞ்சாயத்துப் பணத்தை எடுக்கும் செக்கில் தலைவர் ஒருவரே கையெழுத்துப் போட்டால் செல்லாது. துணைத் தலைவரும் போட வேண்டும். பணத்தை ஒருவரே சுருட்டிவிடக் கூடாது என்று வைத்த காவல் இது. துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்துக் கொண்டால் என்ன ஆகும்? துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் இல்லை. மோட்டார் ரிப்பேருக்குப் பணம் இல்லை. ஊர் மக்கள் திட்டுவது யாரை? தலைவரைத்தான்! "இதற்குத்தான் அப்போதே சொன்னோம்" என்று தலையாட்டச் சிலர் தயாராக இருப்பார்கள்.

2020-ல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பஞ்சாயத்துத் தலைவி, கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அதே வருஷம் சுதந்திர தினத்தன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தலைவி தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாட்களில் கலெக்டர் முன்னின்று அவரைக் கொடியேற்ற வைத்தார். இரண்டு பேருமே ஓட்டு வாங்கி ஜெயித்தவர்கள்.

ஓட்டு எண்ணிக்கை முடிந்ததும் அதிகாரிகள் பெட்டியைக் கட்டிக் கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். அடுத்த தடவை அப்படிப் போகக் கூடாது. ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளில் முதல் ஒரு வருஷம், மாதம் ஒரு தடவை கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். தலைவர் நாற்காலியில் உட்காருகிறாரா? செக்கில் இரண்டு கையெழுத்தும் விழுகிறதா? காரணம் சொல்லாமல் கையெழுத்துப் போட மறுக்கும் துணைத் தலைவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு ஜீப்பும், போய்ப் பார்க்கும் அதிகாரியும் போதும்.